கோரியாஸ்: 25 டிகிரியில மட்டும் சிக்னல் செத்துப்போகுதுங்க, ஏன்?

தறிக்குடோன் தாமரை | பல்லடம் பக்கம் | செவ்வாய், ராத்திரி 11:52

வணக்கமுங்க. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருசம். விண்வெளித் துகள் ஒண்ணு காத்துல மோதுனா துகள் மழையாக் கொட்டும், அதுதான் காஸ்மிக் ரே ஷவர். அதுல இருந்து வர்ற ரேடியோ துடிப்பைச் சிமுலேட் பண்றதுதான் புராஜெக்ட். ஷவரைக் கணக்குப் போடற கோர்சிகா புரோகிராமும், அதோட சேர்ந்து ரேடியோ பாகத்தைப் பாக்கற கோரியாஸும் வெச்சு ஓட்டறேன். கைடு நல்ல மனுசன், ஆனா அவருக்கு வேற துறை. "நீயே விசாரிச்சுப் பாத்துக்கம்மா"ன்னுட்டாரு. அதான் இங்க வந்து நிக்கறேன்.

ஓட்டற எடம் எங்க தறிக்குடோன். கணக்கு எழுதற ரூம்ல, அப்பா மேசை மேல ஒரு டெஸ்க்டாப், காந்திபுரத்துல செகண்ட்ஹேண்டா வாங்குனது. ஒரு ஷவர் முடிய ஒண்ணரை நாள் ஆகுது. போன மாசம் கரண்ட் ஷட்டவுன் அன்னிக்கு யூபிஎஸ் கைவிட்டு முப்பது மணி நேர ரன் போச்சு. அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கலை. "மறுக்கா ஓட்டிக்கலாம் போ"ன்னு அப்பா சொன்னாரு. நூல் அறுந்தா முடிஞ்சுக்கறாப்பல நெனைச்சுட்டாரு.

விசயத்துக்கு வர்றேன். புரோட்டான், 10^17 எலெக்ட்ரான் வோல்ட். ஆன்டெனா நட்சத்திர வடிவத்துல, எட்டுக் கை, கைக்கு இருபது. தரைமட்டம் எங்கூரு உசரம், சுமாரா 350 மீட்டர், சென்டிமீட்டர்ல 35000னு மறக்காம மாத்திட்டேன். அசிமுத் (தெசைக்கோணம்) 0, அதாவது வடக்கேயிருந்து வர்ற மாதிரி. உச்சிக்கோணத்தை (நேர்க்குத்துல இருந்து எவ்வளவு சாயுதுங்கறது) மட்டும் 0, 25, 45னு மாத்தி மூணு ரன்.

0லயும் 45லயும் துடிப்பு பளிச்சுன்னு இருக்குது. 25ல மட்டும் செத்துப்போச்சுங்க. நேர்க்குத்தா வந்த ஷவர்ல பாத்ததுல ஆறுல ஒரு பங்குதான் தேறுது. ஏதோ அந்த ஷவர் நோஞ்சானாட்ட இருக்குதுன்னு ரேண்டம் சீடை (தற்செயல் எண்களோட ஆரம்ப எண்ணு) மாத்தி மறுக்கா ஒண்ணரை நாள் ஓட்டுனேன். அதேதான்.

இன்னொண்ணு. மத்த ரெண்டுலயும் மின்புலத்தோட அம்புக்குறி எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்குது. 25ல மட்டும் ஒவ்வொரு ஆன்டெனாவும் நடுவைப் பாத்து நிக்குது, கெணத்தைச் சுத்தி நின்னு எட்டிப் பாக்கற பசங்களாட்ட. அப்பறம் எண்ணெல்லாம் 10^-9 அளவுல வருது. மைக்ரோவோல்ட் கணக்குல வரோணும்னு படிச்சேன். இது தனிக் கோளாறா, எல்லாம் ஒண்ணுதானா?

திங்கக்கிழமை ரிவ்யூ. வெசனமா இருக்குதுங்க.

---

சிங்காநல்லூர் சோல்டர் | புதன், காலை 7:15

எண்ணு சின்னதா வர்றது கோளாறே இல்லைங்க. கோரியாஸ் எழுதித் தர்றது பழைய சிஜிஎஸ் அலகு, ஸ்டாட்வோல்ட் பை சென்டிமீட்டர். 29979ஆல பெருக்குங்க, வோல்ட் பை மீட்டர் வந்துரும். 3 × 10^-9 வந்திருந்தா அது 90 மைக்ரோவோல்ட். நீங்க படிச்சது சரி, உங்க ரன்னும் சரி.

கோப்புல நாலு பத்தி இருக்கும் பாத்தீங்களா: நேரம், வடக்கு, மேற்கு, மேல். கிழக்குன்னு ஒரு பத்தியே கெடையாது. நான் மொதல்ல ரெண்டாம் பத்தியைக் கிழக்கு–மேற்குன்னு எடுத்துக்கிட்டு ஒரு வாரம் சுத்துனேன்.

25 டிகிரி கதை எனக்குப் புரியலை. தின்னிங் (துகள்களைக் கொறைச்சுக் கணக்குப் போடறது) ரொம்பப் போட்டுட்டீங்களோ?

---

தறிக்குடோன் தாமரை | புதன், காலை 8:02

பெருக்கிட்டேனுங்க அண்ணா. சரியா வந்துருச்சு. ரொம்ப நன்றிங்க! தின்னிங் 10^-6தான். மூணு ரன்னுக்கும் அதே.

---

உடுமலை தேங்காய் | புதன், பொழுதோட 6:40

அம்மிணி, உன்ற கேள்வியை மத்தியானம் தோப்புல தண்ணி மாத்தீட்டே படிச்சேன். படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, கோவிச்சுக்காதே. 25 டிகிரின்னதும் எனக்கு ஊரு தெரிஞ்சு போச்சு. நீ பல்லடத்துல ஓட்டலை, ஜெர்மனியில ஓட்டியிருக்கறே.

இன்புட் கோப்புல மேக்னெட்னு ஒரு வரி இருக்கோணும். இருக்குதா? இல்லீன்னா கோர்சிகா தன் சொந்த ஊரு காந்தப்புலத்தை எடுத்துக்கும். அது கார்ல்ஸ்ரூகே நகரத்துல, அங்கிருந்த காஸ்கேடுங்கற காஸ்மிக் ரே கருவிக்காக எழுதுன புரோகிராம். நான் அந்த ஊர்ல மூணு வருசம் குப்பை கொட்டுனவன், அப்பறம்தான் தென்னைக்கு வந்தேன். அங்க புலத்தோட கிடைமட்டப் பங்கு சுமார் 20 மைக்ரோடெஸ்லா, கீழ்நோக்கிய பங்கு சுமார் 43. ரெண்டையும் சேத்தா புலக்கோடு வடக்கே பாத்துத் தரைக்குள்ள 65 டிகிரி சரிவுல எறங்குது. 90ல 65 போனா 25. கணக்கு சரியா வருதா?

ரேடியோ சிக்னல் எப்படிப் பொறக்குதுன்னு ஒருக்கா நெனைச்சுப் பாரு. ஷவர்ல எலெக்ட்ரானும், அதே மாதிரி ஆனா நேர்மின்சுமை உள்ள பாசிட்ரானும் கோடிக்கணக்குல, சில மீட்டர் தடிமன்ல தோசையாட்ட ஒண்ணா எறங்குது. பூமியோட காந்தப்புலம் எலெக்ட்ரானை ஒரு பக்கமும் பாசிட்ரானை எதிர்ப்பக்கமும் இழுக்குது. குறுக்கால ஒரு மின்னோட்டம் உண்டாகுது. ஷவர் வளர வளர அது கூடும், தேய்ஞ்சா கொறையும். கூடிக் கொறையற மின்னோட்டம் ரேடியோ அலை விடும், அவ்வளவுதான். இழுவை எவ்வளவுங்கறது ஷவர் போற தெசைக்கும் புலத்துக்கும் நடுவுல இருக்கற கோணத்தோட சைன். ஷவர் புலக்கோட்டை ஒட்டியே ஓடுனா இழுவை சுழி. உன்ற 25 டிகிரி ஷவர் கார்ல்ஸ்ரூகே புலக்கோட்டு மேலயே, தண்டவாளத்துல ரயில் போறாப்பல போயிருக்குது. செத்துப் போகாம என்ன பண்ணும்?

இதுல இன்னொரு தப்பும் தானா வெளிய வருது. அசிமுத் 0ன்னா வடக்கேயிருந்து வருதுன்னு எழுதியிருக்கறே. கோர்சிகாவுல அந்தக் கோணம் துகள் *போற* தெசை. 0ன்னா வடக்கே பாத்துப் போகுது, அப்படின்னா தெற்கேயிருந்து வருது. நெசமா வடக்கேயிருந்து வந்திருந்தா 25ல சிக்னல் செத்திருக்காது, எச்சாத்தான் ஆயிருக்கும். பிரான்ஸ்ல நான்சேங்கற எடத்துல கோடலேமான்னு ஒரு ஆன்டெனாக் கூட்டம். அவங்களுக்கு வடக்கேயிருந்து வர்ற ஷவர் எச்சாவும் தெற்கேயிருந்து வர்றது கம்மியாவும்தான் கெடைச்சுது. இதே காரணம்தான்.

இனி நம்மூருக்கு வா. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகுது. நாம அதுக்குக் கொஞ்சம் வடக்கே. அதனால இங்க புலம் கிட்டத்தட்டப் படுத்தே கெடக்குது: மொத்தம் 40 மைக்ரோடெஸ்லா பக்கம், கீழ்நோக்கிய பங்கு அதுல சொற்பம். ஐஜிஆர்எஃப்ங்கற பூமிக் காந்தப்புல மாடல்ல உங்க ஊரு அட்சரேகை தீர்க்கரேகை போட்டுச் சரியான எண்ணை எடுத்துக்கோ, என்ற வாய்க்கணக்கை இன்புட்டுல ஏத்தாதே. மொத எண்ணு வடக்கு, ரெண்டாவது கீழ்நோக்கி. குறி மாறிப்போச்சுன்னா ஆஸ்திரேலியாவுக்குப் போயிருவே.

படுத்த புலத்துக்கு நேர்க்குத்தா வர்ற ஷவர் கிட்டத்தட்டச் செங்கோணம். நேர்க்குத்து ஷவருக்கு நம்மூரு மாதிரி வாகான எடம் கம்மி. அங்க 20தான் வேலை செஞ்சுது, இங்க 40 முழுசா வேலை செய்யும். சிக்னல் இரட்டிக்கோணும். இரட்டிக்கலீன்னா திரும்ப வந்து சொல்லு.

அந்தச் செத்த ரன்னை அழிச்சுப்போடாதே. ஏன்னு ஓட்டி முடிச்சுட்டு வா, சொல்றேன்.

---

தறிக்குடோன் தாமரை | புதன், ராத்திரி 9:20

மேக்னெட் வரியே இல்லைங்க அண்ணா. எடுத்த மாதிரிக் கோப்புல இருந்துச்சு, ஏதோ வேண்டாததுன்னு நானேதான் அழிச்சிருக்கறேன். தரைமட்டத்தை மாத்தத் தெரிஞ்ச எனக்கு இது தோணலை பாருங்க. உசரம் கண்ணுக்குத் தெரியுது, காந்தம் தெரியலை.

ஐஜிஆர்எஃப்ல எடுத்துப் போட்டுட்டேன். இப்ப ரெண்டு ரன் ஒண்ணா ஓடுது, 0ம் 25ம். தறிக்காரண்ணன்கிட்ட "ஃபேனை மட்டும் நிறுத்தீராதீங்க"ன்னு சொல்லீட்டு வந்திருக்கறேன்.

---

குன்னூர் குளிரு | வியாழன், காலை 10:31

உடுமலையார் சொன்னதுக்கு மேல காந்தத்துல சொல்ல ஒண்ணுமில்லை. தின்னிங் பேச்சு பாதியில நிக்குது, அதை முடிச்சுடறேன்.

10^17ல 10^-6 தின்னிங்னா, 10^11 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ போன துகள்களை எல்லாம் கூட்டமா வெச்சுக்காம, ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு அதுக்கு எடை போட்டுடும். மேல் வரம்பு வழக்கமா 100 வெப்பாங்க. துகளை எண்ணறவங்களுக்கு இதுல நட்டமில்லை. ரேடியோவுக்கு உண்டு. எடை 100 உள்ள ஒரு எலெக்ட்ரான், நூறு எலெக்ட்ரான் ஒரே புள்ளியில ஒரே நொடியில நிக்கற மாதிரி அலை விடும். நெசத்துல அந்த நூறும் முன்னப் பின்ன செதறி நிக்கும். உங்க குடோன்லயே பாருங்க: நூறு தறி தன்பாட்டுக்கு ஓடுனா ஒரு இரைச்சல். ஒரு தறியோட சத்தத்தை மட்டும் பதிஞ்சு நூறு மடங்காக்கிப் போட்டா? ஒவ்வொரு தட்டும் இடி. பவர் நூறு மடங்குக்குப் பதிலா பத்தாயிரம் மடங்கு.

கீழ்ப்பட்டையில இது அவ்வளவாத் தெரியாது. 30 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 10 மீட்டர், ஷவரோட தடிமனே அதைவிடக் கம்மி, எப்படியும் எல்லாம் ஒத்துத்தான் அடிக்கும். அதிர்வெண் ஏற ஏற, நடுவுல இருந்து தள்ளிப்போகப் போக, இந்தப் பொய் இரைச்சல் தலைகாட்டும். 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டுப் பாக்கறீங்கன்னா, உங்க தூரத்துக்கு 10^-6 போதும். வடிகட்டாம மூல துடிப்போட உச்சத்தை ரிவ்யூல காட்டீராதீங்க.

80ல ஏன் நிறுத்தறாங்கன்னு யாராச்சும் கேப்பாங்க. 88ல எஃப்.எம். ஆரம்பிச்சுடுது. கோடை பண்பலை 100.5ல வந்து உக்காந்துக்கும். 30க்குக் கீழ சிற்றலை. நடுவுல இருக்கற அந்த வாய்க்கால்லதான் ஐரோப்பாவுல லோஃபார் ரேடியோ தொலைநோக்கியும் அர்ஜென்டினாவுல ஆகர் காஸ்மிக் ரே ஆய்வகத்து ஆன்டெனாக்களும் கேக்கறாங்க.

ஒரு சந்தேகம். காத்து மாடல் என்ன போட்டிருக்கீங்க? அதுவும் சும்மா விட்டா அமெரிக்கத் திட்ட வளிமண்டலம்தான்.

---

சிங்காநல்லூர் சோல்டர் | வியாழன், காலை 11:05

அப்ப ஜெர்மன் காந்தம், அமெரிக்கக் காத்து, பல்லடத்து உசரம். நல்ல கூட்டணி.

---

தறிக்குடோன் தாமரை | வெள்ளி, ராத்திரி 10:48

ரெண்டும் முடிஞ்சுதுங்க!!

நேர்க்குத்து ஷவர்: அதே ஆன்டெனா, அதே சீடு, முன்னைக்கு இப்ப 1.9 மடங்கு. 25 டிகிரி உசுரோட இருக்குது, அம்பெல்லாம் கிழக்கு–மேற்கா படுத்துக்கிச்சு. சீடு மாத்துனதுக்கு வீணாக்குன ஒண்ணரை நாளை நெனைச்சாத்தான் வயிறு எரியுது.

குன்னூர் அண்ணா, காத்து அமெரிக்காதானுங்க. ஜிடாஸ்ங்கற வானிலைத் தரவுல இருந்து ஊருக்கும் தேதிக்கும் ஏத்த மாதிரி எடுக்கலாம்னு கையேட்டுல பாத்தேன். அது அடுத்த ரன்ல. திங்கக்கிழமைக்குள்ள முடியாது, "இன்னும் மாத்தலை"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதீட்டேன்.

இப்ப ரெண்டு விசயம் உறுத்துது.

ஒண்ணு: நேர்க்குத்து ஷவர்ல நடுவுக்குக் கிழக்கே இருக்கற ஆன்டெனாவுல எச்சா வருது, அதே தூரத்துல மேற்கே கம்மி. நட்சத்திரம் ஒழுங்காத்தான் இருக்குது, நாலு தரம் சரி பாத்துட்டேன்.

ரெண்டு: நடுவுல இருந்து தள்ளிப்போனா சிக்னல் கொறையோணுமில்லீங்களா? மொதல்ல ஏறி, அறுபது மீட்டர்கிட்ட மேடு கட்டி, அப்பறம்தான் எறங்குது.

அப்புச்சி ஊர்ல இருந்து வந்திருக்காரு. ஸ்கிரீன்ல வட்டத்தைப் பாத்துட்டு "என்ன கண்ணு, சொட்டுநீர்ப் பைப்பு சுருட்டி வெச்சாப்பல இருக்குது"ங்கறாரு.

---

உடுமலை தேங்காய் | சனி, காலை 6:10

அப்புச்சிக்கு என்ற கும்புடு சொல்லு. ரெண்டும் கோளாறு இல்லை அம்மிணி, ரெண்டும் இயற்பியல்.

மேடு முதல்ல. காத்துக்கு ஒளிவிலகல் எண் ஒண்ணை விடக் கொஞ்சூண்டு எச்சு, கடல்மட்டத்துல 1.000292. அந்தக் கொஞ்சூண்டு போதும். துகள் கூட்டம் தான் விடற ரேடியோ அலையையே லேசா முந்துது. ஒரு குறிப்பிட்ட கோணத்துல நிக்கற ஆன்டெனாவுக்கு, ஷவரோட பல கட்டத்துல பொறந்த அலையெல்லாம் ஒரே நேரத்துல வந்து சேருது. அது செரென்கோவ் கோணம். உன்ற ஷவர் உச்சம் (துகள் எண்ணிக்கை ரொம்ப எச்சா இருக்கற எடம்) நாலு கிலோமீட்டருக்குச் சித்த கீழ, அந்த உசரத்துல கோணம் ஒரு டிகிரி சொச்சம். தரையில இருந்து மூணு கிலோமீட்டர் சொச்சம் மேல ஒரு டிகிரி சொச்சம்னா அறுபது மீட்டர் சுத்துவட்டம். நம்பிக்கை இல்லீன்னா கோரியாஸோட ரீயஸ் இன்புட் கோப்புல ஒளிவிலகல் எண்ணை 1னு வெச்சு ஓட்டு, வளையம் காணாமப் போயிரும். இதே ஷவரை ஊட்டி மட்டத்துல, 2200 மீட்டர்ல வெச்சுப் பாத்தா உச்சம் தலைக்கு மேலயே இருக்கும், வளையம் பாதியாச் சுருங்கிரும்.

கிழக்குச் சாய்வுக்கு உன்ற செத்த ரன்தான் பதில். அதை அழிக்காதேன்னு சொன்னனல்ல? ஷவர் காத்துல போறப்ப வழியில இருக்கற அணுவுல இருந்து எலெக்ட்ரானைப் பிச்சுக்கிட்டுப் போகுது, பாசிட்ரான் வழியில அழிஞ்சும் போகுது. அதனால முன்னால போற தோசையில எலெக்ட்ரான் சித்த எச்சு. 1962ல அஸ்கார்யன்ங்கற சோவியத் இயற்பியலாளர் சொன்னது. இதுக்குக் காந்தம் வேண்டியதில்லை. இதோட மின்புலம் எப்பவும் ஷவர் நடுவைப் பாத்து நிக்கும். கெணத்தை எட்டிப் பாக்கற பசங்கன்னு நீ எழுதுனயே, அவங்கதான் இவங்க. காந்தச் சிக்னல் செத்ததால அவங்க மட்டும் தனியாத் தெரிஞ்சாங்க.

நேர்க்குத்து ஷவர்ல காந்தச் சிக்னல் எல்லா ஆன்டெனாவுலயும் ஒரே பக்கம் பாக்குது. இது நடுவைப் பாக்குது. கிழக்கே ரெண்டும் ஒண்ணு சேருது, மேற்கே ஒண்ணையொண்ணு கழிக்குது. ஆகர்ல அளந்தப்ப அஸ்கார்யன் பங்கு காந்தப் பங்குல சராசரி 14 சதவீதம் வந்துச்சு. அங்க புலம் 24 மைக்ரோடெஸ்லா பக்கம்தான். நமக்கு 40. காந்தம் எச்சு, அதனால சாய்வு சதவீதத்துல அவங்களை விடக் கம்மியாத்தான் இருக்கோணும். உன்ற ரன்ல எவ்வளவு வருதுன்னு கிழக்கு மேற்கு ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் போட்டுப் பாரு.

---

தறிக்குடோன் தாமரை | சனி, மத்தியானம் 1:35

போட்டேனுங்க. 9 சதவீதம் வருது. ஒரே ஷவர், அதனால அதைப் பெருசாப் பீத்திக்க மாட்டேன்.

செத்த ரன்னுக்கு "ஜெர்மன் 25"னு பேரு மாத்தி, ரெண்டு பென்டிரைவ்ல போட்டு வெச்சாச்சு. ரிப்போர்ட்ல மூணாவது படம் அதுதான். காந்தத்தை நிறுத்தி அஸ்கார்யனை மட்டும் தனியாப் பாக்கற ரன்னுன்னு வேணும்னே பண்ணுனாப்பல எழுதலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு. வேண்டாம், மேக்னெட் வரியை அழிச்சுட்டேன்னே எழுதறேன்.

குன்னூர் அண்ணா, ஒரு கடைசிக் கேள்விங்க. அப்புச்சி தோப்புல ரெண்டு மூணு ஆன்டெனா நெசமாவே நட்டு வெச்சா ஏதாச்சும் கேக்குமுங்களா? பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா ஒண்ணு மோட்டார் ரூம் மேல இன்னும் நிக்குது. அப்புச்சி தேங்கா விழாத எடமாக் காட்டறேங்கறாரு.

---

குன்னூர் குளிரு | சனி, பொழுதோட 5:50

ஆன்டெனா மட்டும் வெச்சா துடிப்பு நெறைய வரும். எது ஷவர், எது மோட்டார் ஸ்டார்ட்டர், எது பக்கத்துத் தோட்டத்துப் பன்னி வேலின்னு பிரிக்க முடியாது. 1965ல ஜாட்ரெல் பேங்க்ல ஜெல்லியும் கூட்டாளிகளும் 44 மெகாஹெர்ட்ஸ்ல மொத மொதலாப் புடிச்சப்பவும், துகள் உணரி "இப்ப ஷவர் வந்துச்சு"ன்னு சொன்ன நொடியில மட்டும்தான் ரேடியோவைப் பாத்தாங்க. அதனால ரெண்டு மூணு சிண்டிலேட்டர் (துகள் பட்டா மின்னற உணரி) முதல்ல வேணும். ஊட்டியில கிரேப்ஸ்-3 காஸ்மிக் ரே ஆய்வுக்கூடத்துல வெச்சிருக்கற மாதிரி நானூறு வேண்டாம். ஆன்டெனாவைக் கிழக்கு–மேற்கா கட்டுங்க, வடக்கு–தெற்கா கட்டுனா நம்மூர்ல வெறும் தேங்காய்தான் கெடைக்கும். இடி மழை அன்னிக்கு எடுத்த தரவைத் தனியா வையுங்க, மேகத்து மின்புலம் சிக்னலையே திருப்பிப் போட்டுடும்.

அப்பறம் அந்தத் தூர்தர்ஷன் ஆன்டெனாவோட கம்பி நீளத்தை அளந்து போடுங்க. எந்த அலைவரிசைக்குக் கட்டுனதுன்னு அதை வெச்சுச் சொல்லீரலாம்.

---

தறிக்குடோன் தாமரை | ஞாயிறு, காலை 9:12

நீளமான கம்பி ரெண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். அப்புச்சி ஏணி புடிச்சாரு, நான் ஏறுனேன்.

---

குன்னூர் குளிரு | ஞாயிறு, காலை 9:40

அரை அலைநீளம்னு வெச்சா 55 மெகாஹெர்ட்ஸ் பக்கம். வாய்க்காலுக்கு நட்டநடுவுல. கழட்டீராதீங்க.